கப்பல் சுற்றுலாவுக்குச் சொந்த ஹேர் டிரையர் எடுத்துச் செல்ல வேண்டுமா? முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் போய், அங்கிருந்து நான்கு இரவுக் கப்பல் பயணமாகப் பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் சென்று திரும்பினோம். நான், கணவர், மகள், என் அம்மா என்று நான்கு பேர், ஒரே கேபின். அம்மாவுக்கு வயது அறுபத்து நான்கு, கூந்தல் இடுப்பு வரை நீளும், வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்காமல் இருக்க மாட்டார். அதற்காகவே வீட்டில் இருந்த 1,200 வாட் ஹேர் டிரையரையும், அதைச் செருகுவதற்கு ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் பெட்டிக்குள் வைத்தேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸால் பெட்டி பாதுகாப்புப் பிரிவில் நின்றுபோனது. டிரையரைத் தவறான பிளக் பாயிண்டில் செருகியதால் அது வாயால் ஊதுவது போல வெதுவெதுப்பான காற்றை மட்டுமே விட்டது. கப்பல்காரர்களே வைத்திருந்த டிரையர் டிரெஸ்ஸிங் டேபிளின் அடி இழுப்பறையில் ஒரு துணிப்பைக்குள் சுருண்டு கிடந்ததை மூன்றாம் நாள் மாலைதான், வேறு எதையோ தேடும்போது, மகள் கண்டெடுத்தாள்.

அந்தக் குழப்பத்தில் கற்றதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். நேரடியாகச் சொன்னால், மூன்று நான்கு இரவுப் பயணத்துக்குத் தோள்பட்டை வரை முடி உள்ள எவருக்கும் சொந்த டிரையர் தேவையில்லை. நீண்ட, அடர்ந்த அல்லது சுருட்டை முடி உள்ளவர்களுக்குத் தேவைப்படலாம். அப்படித் தேவைப்பட்டாலும், வீட்டில் இருப்பதையே எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் பெரும்பாலும் தவறாகிவிடுகிறது.

1. கேபினில் என்ன இருக்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்

பெரிய கப்பல் நிறுவனங்கள் அனைத்தும் இப்போது கேபினிலேயே ஹேர் டிரையர் வைத்துவிடுகின்றன. ராயல் கரீபியன், கார்னிவல் போன்ற நிறுவனங்கள் எல்லா வகைக் கேபினிலும் அது உண்டு என்று தங்கள் தளத்திலேயே எழுதியிருக்கின்றன. ஆகவே "டிரையர் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் "இருக்கிறது" என்ற ஒற்றைச் சொல்தான் பதிலாக வரும், அந்தப் பதிலால் உங்களுக்குப் பயன் ஏதும் இல்லை. கேட்க வேண்டியவை வேறு. அது கையில் பிடித்துப் பயன்படுத்தும் வகையா, குளியலறைச் சுவரில் பொருத்தப்பட்ட குழாய் வகையா? எத்தனை வாட்? டிரெஸ்ஸிங் டேபிள் அருகே 220 வோல்ட் பிளக் பாயிண்ட் இருக்கிறதா?

சுவரில் பொருத்திய குழாய் வகை பழைய கப்பல்களில் அதிகம். தடித்த குழாயின் நுனியில் காற்று வரும். பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் ஓடும். விரலை எடுத்தால் நின்றுவிடும். குட்டை முடிக்கு அது போதும். இடுப்பு வரை உள்ள கூந்தலுக்கு அதை நம்பினால் கட்டைவிரல்தான் முதலில் ஓய்ந்துபோகும். புதிய கப்பல்களில் இழுப்பறைக்குள் கைப்பிடி வகை இருக்கும். சிலவற்றில் அதன் கம்பி இழுப்பறையோடு பிணைக்கப்பட்டிருக்கும், கம்பியும் குட்டையாக இருக்கும். அதனால் கண்ணாடிக்கு முன்னால் நின்றபடிதான் உலர்த்த முடியும். கட்டிலில் உட்கார்ந்து, பின்னால் ஒருவர் நின்று உலர்த்திவிடும் வழக்கம் உள்ள வீடுகளுக்கு அது சரிவராது.

பயணத்துக்குக் குறைந்தது மூன்று வாரத்துக்கு முன்பு இந்தக் கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். முகவர் வழியாக முன்பதிவு செய்திருந்தால் அவரிடமே கேட்கச் சொல்லலாம், ஆனால் பதிலை அவர் வாய்மொழியாகச் சொன்னால் ஏற்காதீர்கள். நிறுவனம் அனுப்பியதை அப்படியே மேலனுப்பச் சொல்லுங்கள். எங்கள் முகவர் "எல்லாம் இருக்கும் மேடம், ஐந்து நட்சத்திர ஹோட்டல் மாதிரி" என்று சொன்னார். இருந்ததும் உண்மைதான். எங்கே இருந்தது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2. உலர எவ்வளவு நேரம் ஆகும் என்று வீட்டிலேயே கணக்கிட்டுப் பாருங்கள்

டிரையர் இருக்கிறதா என்பதைவிட, இருக்கிற நேரத்துக்குள் எல்லார் தலையும் உலருமா என்பதே கப்பலில் பெரிய கேள்வி. இரவு உணவு பெரும்பாலும் இரண்டு பந்தியாக, மாலை 5.30 மணி அளவில் ஒன்றும் இரவு 8 மணி அளவில் ஒன்றுமாக நடக்கும். ஐந்து மணி வரை நீச்சல் குளத்தில் இருந்துவிட்டு வருகிற நான்கு பேருக்கு ஒரே குளியலறை, ஒரே கண்ணாடி, ஒரே டிரையர். முதல் பந்தியில் இடம் வாங்கியிருந்தால் ஈரத் தலையோடுதான் உட்கார வேண்டியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தலைக்குக் குளித்துவிட்டு, உங்கள் டிரையரைக் குறைந்த வேகத்தில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து உலர்த்திப் பாருங்கள். கேபின் டிரையர் ஏறத்தாழ அந்த அளவுக்குத்தான் வேலை செய்யும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஆனது, மகளுக்குப் பன்னிரண்டு, எனக்கு இருபது. ஒருவருக்கு இருபது நிமிடத்துக்குள் முடிகிறது என்றால் சொந்த டிரையரைப் பற்றி மேலே யோசிக்கவே வேண்டாம். ஐந்தாம் தலைப்பை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டுவிடலாம்.

நம் வீட்டு மாற்று வழிகள் கப்பலில் பலிக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாம்பிராணி போட முடியாது. மெழுகுவர்த்தி, ஊதுபத்தி போல எரிகிற, புகைகிற எதுவும் தடைசெய்யப்பட்ட பொருள்தான், கொண்டுபோனால் பறித்துக்கொள்வார்கள். மேல்தளத்தில் வெயில் காயலாம் என்று அம்மா ஒரு காலை முயன்றார். கடற்காற்றில் இருந்த உப்பு முடியில் படிந்து பிசுபிசுத்து, சிக்கு எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது. கேபினில் ஏசி நாள் முழுவதும் ஓடும். ஈரத் தலையோடு படுத்தால் நீர் கோத்துக்கொள்ளும் என்ற அம்மாவின் அச்சத்தை நான் அலட்சியமாகத்தான் நினைத்திருந்தேன், மறுநாள் அவர் தலைபாரத்தோடு எழுந்து பினாங்கில் இறங்கவே மறுத்தபோதுதான் அது விளங்கியது.

பலித்த ஒன்று உண்டு. மெல்லிய ஈரிழைத் துண்டு இரண்டை எடுத்துப் போங்கள். கப்பலில் தரும் தடித்த துவாலையைவிட அது நீரை வேகமாக உறிஞ்சும், கூந்தலைச் சுற்றிக் கொண்டை போட வசதியாக இருக்கும், கேபின் நாற்காலியின் முதுகில் போட்டாலே உலர்ந்துவிடும். கால் மணி நேரம் துண்டில் வைத்திருந்துவிட்டு டிரையர் பிடித்தால் அம்மாவின் நாற்பத்தைந்து நிமிடம் முப்பதாகக் குறைந்தது.

3. டிரையரின் கைப்பிடியில் உள்ள எழுத்தைப் படியுங்கள்

சொந்த டிரையர் தேவை என்று முடிவாகிவிட்டால், அடுத்துப் பார்க்க வேண்டியது கைப்பிடியின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் வோல்ட், வாட் விவரம். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். அந்தப் படத்தை அழிக்காமல் வைத்திருங்கள், ஏழாம் படியில் தேவைப்படும்.

அங்கே 220 முதல் 240 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அது இந்தியாவுக்கான ஒற்றை வோல்ட் கருவி. கப்பலில் உள்ள 220 வோல்ட் பாயிண்டில் அது ஒழுங்காக ஓடும். 110 வோல்ட் பாயிண்டில் செருகினால் எரியாது, வெடிக்காது, ஆனால் பயன்படாது. மின்னழுத்தம் பாதியானால் வெப்பம் பாதியாகாது, கால்பங்காகும். எனவே என் 1,200 வாட் கருவி அங்கே ஏறத்தாழ 275 வாட் அளவுக்குத்தான் வேலை செய்தது. அந்த வெதுவெதுப்பான காற்றைப் பார்த்து டிரையர் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு நாளை வீணாக்கினேன்.

இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது. அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவந்த டிரையர் பல வீடுகளில் இருக்கிறது. அதில் 120 அல்லது 125 வோல்ட், 1,875 வாட் என்று எழுதியிருக்கும். அதைக் கப்பலில் 110 வோல்ட் பாயிண்டில் செருகலாம். 220 வோல்ட் பாயிண்டில் அடாப்டர் போட்டுச் செருகினால் அது தாங்கக்கூடிய அளவைப் போல மூன்று மடங்குக்கும் மேல் மின்திறனை இழுக்கப் பார்க்கும். சில நொடிகளில் உள்ளே கம்பிச்சுருள் சிவந்து, கருகல் வாடை வந்து, கருவி போய்விடும். அதோடு கேபின் மின்சாரமும் போகும். விலை உயர்ந்த டைசன் டிரையர் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்: அவை ஒவ்வொரு நாட்டுச் சந்தைக்கும் ஏற்ற ஒற்றை வோல்டில்தான் வருகின்றன, விலை அதிகம் என்பதால் எல்லா வோல்டிலும் ஓடும் என்று நினைத்துவிடக் கூடாது.

மூன்றாவது வகை இரட்டை வோல்ட் கருவி. பயணத்துக்கென்று விற்கப்படும் மடிப்பு டிரையர்களில் பல இந்த வகை. கைப்பிடியில் நாணயத்தால் அல்லது சிறு திருப்புளியால் திருப்பக்கூடிய ஒரு வட்டம் இருக்கும். ஒரு பக்கம் 125 என்றும் மறுபக்கம் 250 என்றும் எழுதியிருக்கும். இதில் ஒரே ஒரு விதியை மனத்தில் வைத்தால் போதும்: பெட்டியில் வைக்கும்போதே 250 பக்கம் திருப்பி வையுங்கள். அப்படி இருந்தால் தவறிப்போய் 110 வோல்டில் செருகினாலும் காற்று மட்டுமே குறையும். 125 பக்கத்தில் விட்டுவிட்டு 220 வோல்டில் செருகினால் மேலே சொன்ன கருகல் கதைதான்.

அடாப்டர் வேறு, கன்வெர்ட்டர் வேறு என்பதையும் கடையில் யாரும் சொல்லித் தருவதில்லை. அடாப்டர் முள்ளின் வடிவத்தை மட்டும் மாற்றும், வோல்ட்டைத் தொடாது. கன்வெர்ட்டர்தான் வோல்ட்டை மாற்றும். டிரையர் போன்ற அதிக வாட் கருவிக்கு ஏற்ற கன்வெர்ட்டர் கனமாக இருக்கும், சூடாகும், கப்பல் பாதுகாப்புப் பிரிவினருக்கும் பிடிக்காது. கன்வெர்ட்டர் வாங்கும் காசுக்கு இரட்டை வோல்ட் டிரையரையே வாங்கிவிடலாம்.

4. ஒரே பயணத்தில் மூன்று வகைப் பிளக் பாயிண்டுக்குத் தயாராகுங்கள்

வீட்டில் நாம் பயன்படுத்துவது உருண்டை முள் மூன்று. சிங்கப்பூர் ஹோட்டலில் செவ்வக முள் மூன்று கொண்ட பிரிட்டிஷ் வகை, 230 வோல்ட். கப்பலில் இரண்டு விதம்: தட்டை முள் இரண்டு கொண்ட அமெரிக்க வகையில் 110 வோல்டும், உருண்டை முள் இரண்டு கொண்ட ஐரோப்பிய வகையில் 220 வோல்டும் வரும். பெரும்பாலான கேபின்களில் டிரெஸ்ஸிங் டேபிள் ஓரத்தில் இவை ஒன்றிரண்டுதான் இருக்கும். சிலவற்றில் யு.எஸ்.பி துளைகளும் உண்டு.

இந்தியாவில் விற்கும் டிரையர்களில் பலவற்றுக்கு இரண்டு முள் பிளக்தான் இருக்கிறது. அது கப்பலின் ஐரோப்பியப் பாயிண்டில் அடாப்டர் இல்லாமலே பொருந்திவிடும் வாய்ப்பு அதிகம். மூன்று முள் பிளக் பொருந்தாது. இங்கே ஒரு சிறு பொறி இருக்கிறது: ஐரோப்பியப் பாயிண்ட் வட்டமாகக் குழிந்திருக்கும். சதுரக் கட்டியாக இருக்கும் உலகப் பொது அடாப்டரின் உடல் அந்தக் குழிக்குள் இறங்காமல் மேலேயே நின்றுவிடும். முள் பாதிதான் உள்ளே போகும். அரைகுறையாகத் தொட்டுக்கொண்டு சூடாகும். எனக்கு அப்படித்தான் ஆனது. அது இறங்கவில்லை என்பதால்தான் பக்கத்திலிருந்த அமெரிக்கப் பாயிண்டில் செருகினேன், அங்கே தொடங்கியது மற்ற எல்லாம். உருண்டையான, தடித்த, ஒற்றைப் பயனுக்கான சிறு அடாப்டரே இதற்கு ஏற்றது.

அடாப்டரின் மேல் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதையும் பாருங்கள். 1,200 வாட் டிரையர் 230 வோல்டில் 5 ஆம்பியரைச் சற்றுத் தாண்டும். அதே 1,200 வாட்டை 110 வோல்டில் எடுக்கும் கருவி 11 ஆம்பியர் வரை இழுக்கும். பொது அடாப்டர்கள் பல 6 முதல் 10 ஆம்பியர் வரைதான் தாங்கும். ஆகவே இரட்டை வோல்ட் கருவியாக இருந்தாலும் 220 வோல்ட் பாயிண்டையே தேர்ந்தெடுங்கள்.

குளியலறையில் கண்ணாடிக்கு மேல் ஒரு பாயிண்ட் தெரியும், சவரக் கருவியின் படம் போட்டிருக்கும். டிரையரை அதில் செருகவே கூடாது. அது சில பத்து வாட் சுமைக்காக மட்டும் அமைக்கப்பட்டது.

5. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்

பிளக் பாயிண்ட் குறைவு என்று கேள்விப்பட்டதும் நம்மில் பெரும்பாலோருக்குத் தோன்றுவது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலும் ஸ்பைக் பஸ்டர் வைத்தது. கப்பலில் அதுதான் முதலில் பிடிபடும். நம் வீட்டு மின்சாரத்தில் இரண்டு கம்பிகளில் ஒன்றில்தான் அழுத்தம் இருக்கும், மற்றது நிலத்தோடு இணைந்த நியூட்ரல். கப்பலில் பெரும்பாலும் அப்படி இல்லை. இரண்டு கம்பியிலும் அழுத்தம் இருக்கும். ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும்படி செய்யப்பட்ட ஸ்பைக் பஸ்டர், கோளாறு நேரும்போது மின்சாரத்தை முழுதாக நிறுத்தாமல் சூடாகித் தீப்பற்றக்கூடும். அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2013-இல் இதைப் பற்றித் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. ஸ்பைக் பஸ்டர் இல்லாத சாதாரண நீட்டிப்பைச் சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. ராயல் கரீபியன் போன்றவை பல துளைப் பாக்ஸையும் நீட்டிப்புக் கம்பியையும் சேர்த்தே தடுக்கின்றன.

ஹேர் டிரையர், முடியை நேராக்கும் கருவி, சுருட்டும் கருவி ஆகியவற்றைப் பெரிய நிறுவனங்கள் பொதுவாக அனுமதிக்கின்றன. துணி இஸ்திரிப் பெட்டி, துணிக்கு ஆவி பிடிக்கும் கருவி, கெட்டில் போன்ற சூடாக்கும் சாதனங்கள் தடைப் பட்டியலில் இருக்கும். எக்ஸ்ரேயில் இவையும் டிரையரும் ஒன்று போலத் தெரியக்கூடும் என்பதால், டிரையரைப் பெட்டியின் மேல் அடுக்கில் வையுங்கள். திறந்ததும் கண்ணில் படட்டும்.

பிடிபட்டால் என்ன நடக்கும்? துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை மாலைக்குள் கேபின் வாசலுக்கு வந்துவிடும். தடைப்பொருள் உள்ள பெட்டி வராது. எங்கள் கேபினுக்கு மூன்று பெட்டி வந்தது, நான்காவது வரவில்லை. இரவு எட்டரை மணிக்கு வரவேற்பு மேசைக்குப் போனால், கீழ்த்தளத்தில் ஓர் அறைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே என்னைப் போல முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்றவர் கையில் ரைஸ் குக்கர். ஐம்பது நிமிடம் ஆனது. பெட்டியைத் திறந்து, டிரையரைப் புரட்டிப் பார்த்துத் திருப்பித் தந்துவிட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கேபின் எண் எழுதிய சீட்டை ஒட்டி எடுத்துவைத்துக்கொண்டு, எனக்கு ஒரு ரசீது கொடுத்தார்கள். அதற்குள் இரவு உணவின் இரண்டாம் பந்தி பாதி முடிந்திருந்தது.

6. செலவைக் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்

திரும்பி வந்த பிறகு, அடுத்த பயணத்துக்கென்று 1,400 ரூபாய்க்கு ஓர் இரட்டை வோல்ட் மடிப்பு டிரையரும், 180 ரூபாய்க்கு ஓர் உருண்டை அடாப்டரும் வாங்கினேன். டிரையர் 390 கிராம். பழையது 580 கிராம். இந்த வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம், ஆனால் குறைந்த கட்டண விமானங்களில் கைப்பை 7 கிலோவைத் தாண்டக் கூடாது, வாசலிலேயே எடை போடுகிறார்கள். தாண்டினால் கட்டும் கூடுதல் தொகை டிரையரின் விலையையே நெருங்கிவிடும்.

கப்பலில் உள்ள சலூனில் ஒரே ஒரு நாள் விருந்துக்காக முடி உலர்த்தி அமைத்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைப்பார்கள். விலைப் பட்டியலில் காணும் தொகை முழுத் தொகை அல்ல. 18 முதல் 20 விழுக்காடு வரை சேவைக் கட்டணம் அதன் மேல் தானாகச் சேரும், கணக்கும் பெரும்பாலும் அமெரிக்க டாலரில்தான். நீண்ட கூந்தலுக்குத் தனி விலையும் உண்டு. ஒரு முறை அங்கே கொடுக்கும் பணத்தில் இங்கே நல்ல டிரையர் ஒன்றை வாங்கிவிடலாம் என்பதே என் கணிப்பு.

7. பெட்டியில் எங்கே வைப்பது, எந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும்

கம்பியோடு கூடிய சாதாரண டிரையரை விமானத்தில் கைப்பையிலும் வைக்கலாம், ஏற்றும் பெட்டியிலும் வைக்கலாம். கம்பியில்லாத, லித்தியம் பேட்டரியில் ஓடும் வகையைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணி (Wh) அளவுக்கு மேல் இருந்தால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. எரிவாயுக் குப்பி வைத்த சுருட்டும் கருவியை இந்தப் பயணத்துக்கு எடுத்துவராமல் இருப்பதே நல்லது.

கைப்பேசியில் மூன்று படங்கள் சேமித்திருங்கள்: நிறுவனத் தளத்தில் உள்ள தடைப் பட்டியல், உங்கள் கேள்விக்கு அவர்கள் தந்த மின்னஞ்சல் பதில், டிரையரின் வோல்ட் விவரம். துறைமுகத்தில் சந்தேகம் வந்தால் வாதாடுவதைவிடக் காட்டுவது எளிது. இணைய இணைப்பு கப்பலில் தனிக் கட்டணம் என்பதால் படமாகவே வைத்திருக்க வேண்டும், இணைப்பாக அல்ல.

விலை உயர்ந்த டிரையரைப் புதுப்பெட்டியோடு எடுத்துப் போகிறவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. திரும்பும்போது அதை வெளிநாட்டில் வாங்கியதாகச் சுங்க அதிகாரி கருதிவிடாமல் இருக்க, புறப்படும் விமான நிலையத்தில் சுங்கக் கவுண்டரில் பொருளைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளலாம். பெட்டியை விமானத்தில் ஏற்றக் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். அசல் ரசீது கையில் இருக்கட்டும். அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். அட்டைப்பெட்டி இல்லாமல், பயன்படுத்திய சாதாரண டிரையருக்கு இந்தச் சிரமம் எதுவும் வேண்டாம்.

8. கேபினுக்குள் நுழைந்த முதல் பத்து நிமிடம்

பால்கனியைப் பார்க்கும் முன் எல்லா இழுப்பறையையும் திறந்து பாருங்கள். டிரெஸ்ஸிங் டேபிள், கட்டில் பக்க மேசை, துணி அலமாரியின் மேல்தட்டு, குளியலறைத் தொட்டிக்குக் கீழே. டிரையர் கிடைக்கவில்லை என்றால் கேபின் பணியாளரை அன்றே கேளுங்கள். கெட்டுப்போயிருந்தாலும் முதல் நாளே மாற்றிக் கேட்டுவிட வேண்டும். கிடைத்தால் இரண்டு நிமிடம் ஓட்டிப் பாருங்கள், சூடு வருகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள்.

கதவருகே சாவி அட்டை செருகும் துளை இருந்தால், அட்டையை எடுத்ததும் கேபினின் மின்சாரம் முழுவதுமோ ஒரு பகுதியோ நின்றுவிடும். கணவர் அட்டையை உருவிக்கொண்டு காபி வாங்கப் போய்விட, அம்மாவின் கூந்தல் பாதி உலர்ந்த நிலையில் இருட்டில் நின்ற அனுபவமும் எங்களுக்கு உண்டு. கேபின் டிரையரையும் சொந்த டிரையரையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்டால் பணியாளர் வந்து சரிசெய்யும் வரை காத்திருக்க வேண்டும், பக்கத்துக் கேபினும் சேர்ந்து இருண்டுவிடலாம்.

9. கடைசி இரவு

இறங்குவதற்கு முந்தைய இரவு பத்து, பதினொரு மணி அளவில் பெரிய பெட்டிகளைக் கேபின் வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். காலையில் அவை துறைமுகக் கூடத்தில்தான் உங்களுக்குக் கிடைக்கும். மறுநாள் காலை தலைக்குக் குளிக்கும் எண்ணம் இருந்தால் உங்கள் டிரையரைக் கைப்பையில் வையுங்கள், அல்லது அன்று மட்டும் கேபின் டிரையரைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சொந்தக் கருவியும் கேபின் கருவியும் ஒரே கறுப்பு நிறத்தில் இருந்தால், உங்களுடையதில் ஒரு வண்ண நூலைக் கட்டிவையுங்கள். அவசரத்தில் கப்பலின் டிரையரைப் பெட்டியில் போட்டுவிட்டால் அதற்கான தொகை உங்கள் கணக்கில் ஏறலாம்.

பிடித்துவைத்த பொருளை வாங்க ரசீது வேண்டும். இறங்கும் வழியில் ஒரு மேசை போட்டு, எல்லாப் பொருளையும் அதில் பரப்பி வைத்திருந்தார்கள். வரிசை நீளமாக இருந்தது, எங்கள் விமானம் மதியம் ஒன்றரைக்கு. இறங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதற்கென்று அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் சேர்க்கவில்லை. 450 ரூபாய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அந்த மேசையிலேயே விட்டுவிட்டு டாக்சி பிடிக்க ஓடினேன்.